எங்கள் நினைவுத் தோட்டத்துக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

போன கிழமை மருதங்கன்றில் புதுத் தளிர் கண்டேன். கன்று பிழைக்க முதல் நன்றி சொல்லி என்ன பிரயோசனம் என்று இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தேன்.

1990இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கை விட்டு ஓடிய நாங்கள் 27 வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது, வாசிகசாலைக்குப் பின்னால் இருந்த நாலு பரப்புக் காணியும் நாயுண்ணிப் பற்றையாகக் கிடந்தது. அலவாங்கு பிடித்த பெடியளுக்குத்தான் முதல் நன்றி. ஒரு முழம் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல், ஒரு குழிக்கு அரை நாள் போகும், அப்படி 22 குழி!

காணி முழுக்க இன்டர்லொக் கல் பதிப்போம் என்று கூட்டத்தில் ஒரு பகுதி நின்றது. ஒளிக்காமல் சொல்கிறேன், நானும் அந்தப் பக்கம்தான். "ஆறில்லாத ஊர், மழைத்தண்ணி நிலத்துக்குள்ள இறங்கினால்தானே கிணறு ஊறும்" என்று சொல்லித் தனக்கு வரவிருந்த வேலையையே வேண்டாம் என்றவர் எங்கள் மேசன் அண்ணை. இப்போது நடைபாதை மட்டும் இருக்கிறது, அதுவும் இடிந்த வீடுகளின் பழைய கல்லில்.

காசுக்கு வாங்கிய முதல் கன்றுகள் வேர் பிடிக்காமலே பட்டுப்போயின, அந்தக் கதை வேண்டாம். அப்புறம் மாமி தன் கிணற்றடியிலிருந்து வேம்பும் இலுப்பையும் நந்தியாவட்டையும் தந்தா, கார்த்திகை மழையோடு நட்டோம். கட்டாக்காலி மாடுகளுக்குக் கிளுவைக் கதியால் வேலி. வேலியோரம் கார்த்திகைப்பூ யாரும் நடாமலே முளைத்திருக்கிறது. கிழங்கு நஞ்சு, பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிடுங்க வேண்டாம்.

கனடாவிலும் சுவிஸிலும் இருந்து காசு அனுப்பிய உறவுகளுக்கு நன்றி. கணக்குக் கொப்பி வாசிகசாலை மேசையில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

பெயர் வெட்டிய கல் வைக்காதது ஏன் என்று சிலர் கேட்கிறீர்கள். காணாமல்போன மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு அக்கா அன்று கூட்டத்தில் எழும்பி, "என்ர பிள்ளைக்கு எந்தத் திகதியைப் போடுவியள்?" என்று கேட்டுவிட்டு இருந்துவிட்டா. வீட்டில் அவன் படத்துக்கு மாலை போட இன்னும் விடாதவ அவ. ஆனால் மூலை இலுப்பைக்குப் பின்னேரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றாமல் போகமாட்டா. அக்கா, உங்களுக்கு என்ன சொல்லி நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, பங்குனி வெயில் தொடங்கிவிட்டது, தண்ணீர் ஊற்றும் சனிக்கிழமை முறைக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும். வாளி கிணற்றடியில் இருக்கிறது.