வாசிப்புக் குழு: ஞாயிறு கூட்டம், நாவல் பற்றிய கருத்துகள்

எல்லோருக்கும் வணக்கம்.

ஜாக்குலின் மிச்சார்டின் ‘தி டீப் எண்ட் ஆஃப் தி ஓஷன்’ பற்றிப் பேச வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு மொட்டை மாடியில் கூடுகிறோம். மழை வந்தால் கீழே பொது அறை.

“எப்போதுதான் முடியும்?” என்று தனிச்செய்தியில் கேட்டவர்களே அதிகம். நியாயம்தான். 400 பக்கத்துக்கும் மேல். 1996இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் புத்தகக் குழுவுக்கு முதலில் எடுத்த நாவல் இதுதான், அதற்காகக் குறையைச் சொல்லாமல் இருக்க வேண்டாம். ஆனால் அந்தச் சிகாகோ ஓட்டல் வரவேற்பறை! ஏழு வயது அண்ணனிடம் தம்பியின் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா அறைப்பதிவுக்குப் போகிறாள். திரும்பினால் மூன்று வயது பென் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. நடுவில் இழுக்கிறது என்பதும் உண்மை.

செய்ய வேண்டியவை:

1. அலுத்த இடம் ஒன்று, பிடித்த இடம் ஒன்று, பக்க எண்ணோடு குறித்து வாருங்கள்.
2. பாதியில் விட்டவர்களும் வரலாம். எங்கே விட்டீர்கள், ஏன் என்று சொன்னால் போதும்.
3. அண்ணன் வின்சென்ட் வரும் பகுதிகளை மட்டுமாவது படித்துவிடுங்கள்.
4. பென்னுக்கு என்ன ஆனது என்று இங்கே எழுதாதீர்கள். சிலர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். (நேற்று ஒருவர் எழுதி, நான் அழிப்பதற்குள் ஆறு பேர் பார்த்துவிட்டார்கள்.)
5. 1999இல் வந்த படத்தை மட்டும் பார்த்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடவும்!

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். சுண்டலுக்கு அளவு தெரிய வேண்டும். அப்புறம், அடுத்த மாதத்துக்கு 200 பக்கத்துக்குள் ஏதாவது சொல்லுங்கள்.