மாத்திரைய மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆகஸ்ட் 6 வந்தா எங்க வீட்ல யாரும் அதப்பத்தி வாய் தொறக்க மாட்டோம், ஆனா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். 2001-ல அன்னிக்கு விடியக்காலைல தான் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடில ஒரு தனியார் மனநல காப்பகத்தோட கொட்டகை தீப்பிடிச்சு 28 பேர் செத்துப்போனாங்க. எந்திரிச்சு ஓட முடியல, கால்ல சங்கிலி. அவங்கள அங்க கொண்டு வந்து விட்டது யாரு, பெத்தவங்களும் கூடப்பொறந்தவங்களும் தானே, அங்க இருக்கற தர்கால தங்கினா சரியாயிடும்னு நம்பி தானே விட்டாங்க. அந்த நம்பிக்கைய யாராவது கேவலமா பேசினா எனக்கு கோவம் வருது, ஏன்னா அதே நம்பிக்கையோட அதுக்கு பத்து வருஷம் கழிச்சு எங்கம்மாவும் என் தம்பிய ஊர் ஊரா கூட்டிட்டு அலைஞ்சாங்க.

தம்பிக்கு அப்ப இருபத்திரெண்டு வயசு. காதுல யாரோ திட்டிட்டே இருக்காங்கன்னு சொல்வான், ராத்திரி பூரா தூங்க மாட்டான், சோத்துல எதையோ கலந்துட்டீங்கன்னு தட்ட தள்ளிவிடுவான். செய்வினைன்னாங்க, காத்து கருப்புன்னாங்க, தாயத்து கட்டினோம், மந்திரிச்சோம். கடைசில தான் ஆஸ்பத்திரி. மனச்சிதைவுன்னு டாக்டர் சொன்னார். மாத்திரை ஆரம்பிச்சு மூணு மாசத்துல காதுல கேக்கற குரல் குறைஞ்சுது, ஒரு நாள் அவனா கேட்டு ரெண்டு தோசை சாப்ட்டான், எங்கம்மா அடுப்படில நின்னு அழுதாங்க.

அப்புறம் தான் தப்பு நடந்துச்சு. குறி சொல்ற ஒருத்தர் கிட்ட போனப்ப, சாமிய நம்பறவங்க மாத்திரைய நம்பலாமா, அதான் சாமி இறங்க மாட்டேங்குதுன்னு சொல்லிட்டார். அம்மா அன்னிக்கே நிறுத்திட்டாங்க. முதல் ரெண்டு வாரம் அவன் முன்னவிட சுறுசுறுப்பா இருந்தான், மாத்திரையால வந்த மந்தம் போச்சு இல்லையா, எல்லாரும் சாமி செஞ்சுதுன்னே நம்பினோம். மூணாவது மாசம் பழையபடி ஆயி அதவிட மோசமா போய், அந்த குறி சொல்றவர் சொன்ன ஒரு இடத்துலயே விட்டோம், பதினோரு நாள் கழிச்சு போய் பாத்தா வலது கணுக்கால சுத்தி தோல் உரிஞ்சு ஈ மொய்ச்சிட்டிருந்துச்சு. அந்த தழும்பு இன்னும் இருக்கு, அதனால வெயில் காலத்துல கூட சாக்ஸ் போட்டுட்டு தான் வெளில போவான். யாரையும் எந்த விதத்துலயும் சங்கிலில கட்டக்கூடாதுன்னு 2017 மனநல பராமரிப்பு சட்டமே சொல்லுது, ஆனா அதுக்குள்ள எத்தன கால் புண்ணாச்சோ.

அப்ப பிரார்த்தனைல ஒண்ணுமே இல்லையான்னு கேட்டா, இருக்கு, நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுல ஒரு கிராமத்து கோயில்ல தங்கியிருந்த 31 மனநோயாளிகள டாக்டர்களே போய் பாத்து 2002-ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல எழுதினாங்க. சுமார் ஆறு வாரத்துல அவங்க அறிகுறி கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. அங்க பெரிய மந்திரம் எதுவும் கிடையாது, காலைல கால் மணி நேரம் பூஜை, மிச்ச நேரம் கூட்டறது, செடிக்கு தண்ணி ஊத்தறதுன்னு சின்னச்சின்ன வேல, கூடவே வீட்டு ஆளுங்க. யாரும் மிரட்டல, விரட்டல. எனக்கு தோணறது இது தான், பைத்தியம்னு ஊரே ஒதுக்கற ஒருத்தன ஒரு இடம் உள்ள விட்டு உக்கார வெச்சுதுன்னா அதுவே பாதி மருந்து. ஆனா பாதி தான்.

மீதிப் பாதிய கோயில் பக்கத்துலயே குடுக்க முடியும். குஜராத்ல உனாவா மீரா தாத்தார் தர்கால 2008-லயே தவா, துவா ரெண்டும்னு ஆரம்பிச்சாங்க, தவான்னா மருந்து துவான்னா பிரார்த்தனை, தர்காவ பாத்துக்கற முஜாவரே நோயாளிய டாக்டர்கிட்ட அனுப்பி வெப்பார். அப்புறம் ஏர்வாடிலயும் அது வந்துச்சு. எங்க திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம் தங்கறவங்களுக்கு தீர்த்தமும் உண்டு, மனநல டாக்டரும் வந்து பாக்கறாங்க. அங்க மட்டும் இருந்தா போதுமா? மனநோய்க்காக ஜனங்க வந்து தங்கற எல்லா கோயில், தர்கா, சர்ச்லயும் வாரத்துல ஒரு நாளாவது அரசு டாக்டர் உக்காரணும். பூசாரி, ஹஜ்ரத், பாஸ்டர் எல்லார்கிட்டயும் கையெடுத்து கேக்கறேன், நீங்க வேண்டிக்கோங்க, ஆனா மாத்திரைய விட்றாதேன்னு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. எங்க ஆளுங்க டாக்டர் சொல்றதவிட உங்க வார்த்தைய தான் கேக்கறாங்க.

டாக்டர்களுக்கும் ஒண்ணு. முதல்ல பாத்த டாக்டர், தாயத்தெல்லாம் கழட்டிட்டு வாங்கன்னு அம்மாவ எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டார், அம்மா அந்தப் பக்கமே ஆறு மாசம் போகல. அடுத்து பாத்த டாக்டரம்மா தாயத்த பாத்துட்டு, இருக்கட்டும்மா, இதோட இந்த மாத்திரையும் ராத்திரி குடுங்கன்னு மட்டும் சொன்னாங்க. பத்து வருஷத்துக்கு மேல அவங்ககிட்ட தான் போறோம்.

இப்ப அம்மா மாசாமாசம் மாத்திரை வாங்கிட்டு வந்தா அட்டைய முதல்ல பெருமாள் படத்துக்கு கீழ வெச்சு கும்பிடுவாங்க. ராத்திரி துளசி தீர்த்தத்தோட ஒண்ணு எடுத்து குடுப்பாங்க, அவன் முழுங்கினானான்னு நின்னு பாத்துட்டு தான் விளக்க அணைப்பாங்க.

மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416-ன்னு அரசோட இலவச நம்பர் இருக்கு, எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம். இந்த லெட்டர்ல எத வெட்டினாலும் பரவால்ல, அந்த நம்பர மட்டும் போட்டுடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு அண்ணன்,
திருச்சி மாவட்டம்.