விளாச்சேரி அக்காவுக்கு, இரண்டு விமானிகள் சார்பாக

அன்புள்ள அக்கா,

நீங்கள் வெட்டிக் கொடுத்த குட்டி விமானி பொம்மைகள் இரண்டு பேரும் நேற்று ராத்திரி என் சுகோய் போர்விமான மாடலில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். போன் போட்டுச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் என்னைப் போல டைகாஸ்ட் விமானம், அதாவது உலோகத்தில் வார்த்த மாடல் விமானம், சேர்க்கிறவர்கள் நாலைந்து பேர் "பைலட்டை எப்படி உள்ளே வைத்தீர்கள்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் கடிதமாகவே எழுதுகிறேன். பாப்பா உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள்.

முதல் நாள் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உங்கள் வாசலில் பிள்ளையார்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தார்கள். விமானத்தைக் கையில் வாங்கியதும் "என்ன தம்பி இந்தக் கனம் கனக்குது" என்றீர்கள். உடம்பு முழுக்கத் துத்தநாகக் கலவை. நீங்கள் பொம்மை செய்யும்போது அச்சில் மண்ணைக் கையால் அமுக்குவீர்கள். அங்கே எஃகு அச்சுக்குள் உருக்கிய உலோகத்தை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். துத்தநாகக் கலவை ஏறத்தாழ 390 டிகிரியிலேயே உருகிவிடும், அலுமினியத்துக்கு 660 வேண்டும். சூடு குறைவு என்பதால் அச்சும் நிறைய நாள் உழைக்கும். ஏவுகணை, சக்கரம், ஓட்டுகிறவர் உட்காரும் தொட்டி, மேலே மூடுகிற கண்ணாடி மட்டும் பிளாஸ்டிக்.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20ஆம் தேதி ஒரு சுகோய்-30 எம்கேஐ அணியைச் சேர்த்தார்களே, 222ஆவது அணி, டைகர்ஷார்க்ஸ், அதே ரக விமானம்தான் இது. நிஜத்தில் சுமார் 22 மீட்டர் நீளம். என்னிடம் இருப்பது எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அதாவது ஆறடி ஆள் ஓர் அங்குலம் ஆகிவிடுவான், விமானம் பள்ளிக்கூட ஸ்கேல் நீளத்துக்கு வரும். முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். நான் வாங்கிய பெட்டியில் இரண்டும் காலி.

மூன்று வருஷமாக அது என் அலமாரியில் சக்கரத்தை மடக்கிக்கொண்டு, ஸ்டாண்டில் சாய்ந்து பறந்துகொண்டிருந்தது, உள்ளே ஆளே இல்லாமல். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும். இதைச் சொன்னதற்கு நீங்கள் கேட்ட கேள்வி இன்னும் காதிலேயே நிற்கிறது: "அய்யனார் கோயில் புரவி மேல ஆளா உக்காத்தி வச்சிருக்கு? ராத்திரியில சாமி வந்து ஏறிக்கிரும்ல."

அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸில் பழங்காநத்தம் வந்து சேர்வதற்குள் தோன்றியது. புரவி தரையில் நிற்கிறது அக்கா. நிற்கிற குதிரை ஆளுக்காகக் காத்திருக்கலாம், ஓடுகிற குதிரை காத்திருக்க முடியாது. சக்கரத்தை இறக்கித் தரையில் நிறுத்திய மாடலில் இருக்கை காலியாக இருந்தால் எனக்கு ஒரு குறையும் தெரியாது, விமானி டீ குடிக்கப் போயிருப்பார். ஆகாயத்தில் சாய்ந்து திரும்புகிற விமானத்துக்கு அந்தச் சாக்கு செல்லாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தபாலில் ரெசின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த விமானிகள் இரண்டு பேரை வரவழைத்தேன். உட்கார்ந்த நிலையில் இடுப்புக்கு மேலே ஒன்றேகால் சென்டிமீட்டர், தலை ஹெல்மெட்டோடு சேர்த்து ஒரு மிளகு. அளவெல்லாம் சரிதான். ஆனால் உள்ளே வைத்தால் கண்ணாடி மூடவில்லை, தலை இடிக்கிறது. நிஜ விமானத்தில் ஆள் ஆழமாக உட்காருவார். மாடலில் தொட்டிக்குக் கீழேயே முன்சக்கரம் மடங்குகிற குழி இருக்கிறது. சுற்றிலும் உலோகமும் தடிமன். அதனால் தரையை மேலே ஏற்றிவிடுகிறார்கள். இந்தக் கோளாறு பல மாடல்களில் உண்டு.

என் புத்திக்கு எட்டியது காலை வெட்டுவது. முழங்காலோடு நறுக்கினேன், அப்படியும் மூடவில்லை. கழுத்தைக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நிலையில்தான் உங்களிடம் வந்தேன். நல்லவேளை.

நீங்கள் ஆளைத் தொடவே இல்லை. ஒரு துண்டு மெல்லிய பாலிதீனை எடுத்து அதற்குள் கண்மாய் மண்ணை உருட்டி, காலி இருக்கையில் வைத்து அமுக்கினீர்கள். கண்ணாடியை மேலே வைத்து மூடி, திரும்ப எடுத்தீர்கள். உள்ளே இருக்கிற வெற்றிடம் அப்படியே மண்ணாக வெளியே வந்தது. "காயிறதுக்குள்ள அளந்துக்க, காஞ்சா சுருங்கிரும்" என்றீர்கள். அந்த மண்ணையும் விமானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. தலையிலும் தப்பில்லை, காலிலும் தப்பில்லை. அடியில் இரண்டு மில்லிமீட்டர், முதுகில் ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான் அதிகம்.

"உக்காருறது இடுப்புல இருக்கு தம்பி, மூஞ்சில இல்ல." கொலுவுக்குச் செட்டியார் பொம்மை செய்யும்போது அவர் கல்லாவில் கனமாக உட்கார்ந்திருப்பது எப்படித் தெரியும் என்று விளக்கினீர்கள். கீழே தட்டையாக அமுங்க வேண்டும், முதுகு லேசாக மடங்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை மேல் வைத்த பாட்டில் மாதிரி இருக்கும் என்று. நான் இணையத்தில் பார்த்திருக்கிற விலையுயர்ந்த மாடல்களில் பாதிப் பேர் இந்தப் பாட்டில்கள்தான். இருக்கைக்கும் ஆளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும்.

அப்புறம் அறுத்தது. தெற்காவணி மூல வீதியில் நகை வேலைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடையில் சின்ன அரமும் சாமணமும் வாங்கி வந்திருந்தேன். அரம் உங்களுக்குப் பிடித்துவிட்டது, எனக்குத் தெரியும், அது இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று: ரெசினைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், முகத்தில் மாஸ்க் வேண்டும். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக்கூடாது.

இரண்டு பேரும் ஒரே மாதிரி நேராகப் பார்த்ததை நான் கவனிக்கவே இல்லை. "ஒரே அச்சுல எடுத்த பிள்ளைங்க மாதிரி இருக்கு. பின்னாடி இருக்கவன் எந்நேரமும் முன்னாடி இருக்கவன் மண்டையவா பாப்பான்?" என்று கேட்டுவிட்டு, பின்னால் இருப்பவரின் தலையைக் கழுத்தோடு அறுத்து இடப்பக்கம் திருப்பி ஒட்டினீர்கள். விமானம் என் ஸ்டாண்டில் இடப்பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாது. திரும்புகிற பக்கத்தை அவர் பார்க்கிறார் என்று இப்போது எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

முகமூடியிலிருந்து இறங்குகிற ஆக்சிஜன் குழாய்க்கு ஃப்யூஸ் கம்பி இழை ஒன்றை வளைத்து ஒட்டினேனே, அதைப் பார்த்து நீங்கள் சிரித்த சிரிப்பு. "பிள்ளையாரைக் கூட்டியாந்து ஓட்டச் சொல்றியா?" உண்மைதான், நான் வைத்த கம்பி தடிமன். பிறகு மாற்றிவிட்டேன்.

வர்ணத்தில் எனக்கு வருத்தமே இருந்தது, சொல்லிவிடுகிறேன். ஆலிவ் பச்சை மேலுடைக்குச் சரியான நிறம் தேடி வாங்கி வந்தால், நீங்கள் பாட்டுக்கு அதில் வெள்ளையைக் கலந்துவிட்டீர்கள். வீட்டுக்கு வந்து உள்ளே வைத்துப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். கண்ணாடிக்கு அடியில், அந்தக் குழிக்குள், அசல் நிறம் கறுப்பாகத்தான் தெரிந்திருக்கும். உருவம் சின்னதானால் நிறத்தை வெளுக்க வேண்டும், மடிப்புக்கு மட்டும் கறுப்பைக் கரைத்து ஓடவிட வேண்டும். சாண் பொம்மை செய்கிறவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கடைசியில் "கண்ணு எங்கப்பா?" என்று தேடினீர்கள். கண்ணைக் கடைசியாகத் திறப்பதுதானே உங்கள் வழக்கம். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடி இறங்கியிருக்கிறது, கண்ணே கிடையாது என்றதும் உங்களுக்கு ஒப்பவில்லை. வேலை முடியாத மாதிரி பிரஷ்ஷைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தீர்கள். கறுப்பின் மேல் பளபளப்பு வார்னிஷ் கொடுத்து, மேல் ஓரத்தில் முடியளவு வெளிர்நீலக் கோடு ஒன்று போட்டீர்கள். வானம் அதில் தெரிகிறது அக்கா.

இனி என் குற்றம். "நல்லாக் காத்தாட விட்டு மூடு" என்று படித்துப் படித்துச் சொன்னீர்கள். நான் அவசரத்தில் ஆட்களை சூப்பர் க்ளூவால் ஒட்டி அன்றைக்கே கண்ணாடியை மூடிவிட்டேன். காலையில் பார்த்தால் உள்பக்கம் முழுக்கப் பனி பிடித்த மாதிரி வெண்படலம், நடுவில் என் கட்டைவிரல் ரேகை அச்சடித்தது போல. தடயவியல்காரர்கள் கைரேகையை எடுப்பதும் இதே பசையின் ஆவியில்தான். என் வீட்டிலேயே என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டது. ஹேர் ட்ரையரைத் தள்ளிப் பிடித்து லேசாகச் சூடு காட்டி, பல் இடுக்கில் விடுகிற நூலை விளிம்பில் ஓட்டிக் கண்ணாடியைக் கழற்றினேன். பற்பசையும் பஞ்சுமாக இரண்டு மாலை தேய்த்தேன். வலது ஓரத்தில் கொஞ்சம் மங்கல் மிச்சம். இந்தத் தடவை ஃபெவிகாலில்தான் ஒட்டியிருக்கிறேன். காய்ந்தால் நிறமில்லாமல் ஆகிவிடும், புகையும் கிடையாது, வேண்டுமானால் ஈரத்துணி வைத்து எடுத்துவிடலாம்.

அடுத்து ஒரு மிக்-21 போர்விமான மாடல் வந்திருக்கிறது. நிஜ மிக்-21 1963இல் நம் விமானப்படையில் சேர்ந்தது, 2025 செப்டம்பர் 26ஆம் தேதி சண்டிகரில் விடைகொடுத்தார்கள். என் மாடலுக்கும் ஒரு விமானியை வாங்கி வைத்தேன். இப்போது வேண்டாமென்று தோன்றுகிறது. சக்கரத்தை இறக்கி, கண்ணாடியைத் திறந்து, ஆளில்லாமல் நிறுத்தப் போகிறேன், உங்கள் புரவி மாதிரி. இருக்கைக்கு மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த நிறம் வேண்டும். அதை எனக்குப் போடத் தெரியாது.

கொலு ஆர்டர் எல்லாம் முடியட்டும், ஐப்பசியில் வருகிறேன். மூன்று சைபர் பிரஷ், முடியளவு கோடு போடுகிற மெல்லிசு, இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், உங்களுக்குத்தான். அரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பழங்காநத்தம் தம்பி