பண்ணையை அழிக்கவில்லை, பாப்பா

கோத்தகிரி,
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பா,

"எல்லாத்தையும் அழிச்சிட்டு, கடைசியா இருக்கிறதை மட்டும் என் புது லேப்டாப்புக்கு அனுப்புங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். கணினி முன்னால் உட்கார்ந்து பார்த்த பிறகு, அழிக்க எனக்கு மனசு வரவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டது உண்மைதான். ஆனால் அதை நிறைத்தது உன் பண்ணை இல்லை. நீ ஆடும் ஸ்டார்டியூ வேலி என்ற விவசாய விளையாட்டில், ஆடியதைப் பதிந்துவைக்கும் சேவ் ஒவ்வொன்றும் சில எம்பிதான். டவுன்லோட்ஸில் கிடக்கும் மோட் (விளையாட்டில் மற்றவர்கள் செய்து சேர்க்கும் கூடுதல் அம்சங்கள்) ஜிப்கள், மோட்ஸ் ஃபோல்டரை அப்படியே எடுத்து நீ அங்கங்கே போட்டுவைத்த பிரதிகள், இவைதான் இடத்தைத் தின்றவை. எதை வைத்தேன், எதை எறிந்தேன் என்று எழுதியே அனுப்புகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்பாய், காதில் ஏறாது.

சேவ் இருப்பது விளையாட்டின் ஃபோல்டரில் இல்லை. விண்டோஸின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ஸ்டார்டியூவேலி, அதற்குள் சேவ்ஸ். பண்ணைக்கு ஒரு ஃபோல்டர், பெயரோடு ஒரு நீளமான எண். உள்ளே அதே பெயரில் ஒரு பெரிய ஃபைல், 'சேவ்கேம்இன்ஃபோ' என்று ஒரு சின்ன ஃபைல். இந்த இரண்டுக்கும் 'ஓல்ட்' என்று வால் முளைத்த இன்னொரு ஜோடி இருக்கிறதே, அதைத்தான் நீ குப்பை என்று நினைத்திருக்கிறாய். அது முந்தின நாள் இரவு. இந்த விளையாட்டில் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும். புதிது எழுதப்பட்டதும் பழையது ஓல்ட் ஆகிவிடும். இன்றைய ஃபைல் திறக்காமல் போனால் அதை வேறு இடத்துக்கு நகர்த்திவிட்டு, ஓல்ட் ஜோடி இரண்டிலும் வாலை மட்டும் வெட்டினால் போதும். ஒரு நாள் போகும், பண்ணை பிழைக்கும்.

'டிஎம்பி' என்று முடியும் ஒரு ஃபைலும் கிடந்தது. விளையாட்டு முதலில் தற்காலிகமாக ஒன்றில் எழுதிவிட்டுத்தான் அதை நிஜ சேவ் ஆக்குகிறது. எழுதுகிற நேரத்தில் கரண்ட் போனால் அந்த அரைகுறை அப்படியே தங்கிவிடும். ஃபைலின் தேதியைப் பார்த்தேன், ஐப்பசி மழையில் ரோட்டோரக் கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்த ராத்திரி. பெரிய ஃபைல் நன்றாகத் திறக்கிறது. அதனால் அந்த டிஎம்பியை அழித்துவிட்டேன்.

அப்புறம் நீ கையால் எடுத்த பிரதிகள். 'புதுசு', 'புதுசு 2', 'கடைசி', 'நிஜமா கடைசி'! ஃபோல்டர் பெயரும் உள்ளே இருக்கும் பெரிய ஃபைலின் பெயரும் ஒன்றாக இருந்தால்தான் விளையாட்டு அதைத் திறக்கும். நீ ஃபோல்டருக்கு மட்டும் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். இவை சேவ்ஸுக்குள் இருக்கவே கூடாது. தனியாக ஒரு பேக்கப் ஃபோல்டர் போட்டு, தேதியைப் பெயராக வைத்து மாற்றிவிட்டேன்.

மோட்களை ஓடவைக்கும் ஸ்மாப்பி என்ற மென்பொருள் தானாக எடுக்கும் பேக்கப் வேறு. அது விளையாட்டு நிறுவிய இடத்தில் 'சேவ்-பேக்கப்ஸ்' என்ற ஃபோல்டரில் ஜிப்பாக இருக்கிறது. விளையாட்டைத் திறக்கும் நாளுக்கு ஒன்று, மொத்தம் 10. பதினொன்றாவது வந்தால் மிகப் பழையது போய்விடும். சும்மா எட்டிப் பார்க்கத் திறந்தாலும் அந்த நாளுக்கு ஒன்று கணக்காகிவிடும். அதனால் ரெண்டு வாரம் முன்னால் கெட்டதை நீ இன்றைக்குக் கண்டுபிடித்தால் அது கைகொடுக்காது. நம் பக்கம் கவாத்து வெட்டும்போது, செடி மூச்சுவிட ஓரிரு கிளையை இலையோடு விடுவார்களே, அதுபோல உன் கைப்பிரதிகளில் பருவத்துக்கு ஒன்றை மட்டும் பேக்கப் ஃபோல்டரில் விட்டு வைத்திருக்கிறேன். வசந்தம் முடிந்த 28ஆம் நாள் ஒன்று, கோடை முடிந்ததும் ஒன்று, அப்படி. மற்ற கைப்பிரதிகளை எறிந்தாயிற்று.

"ஸ்டீம் கிளவுடில் இருக்கேப்பா" என்பாய். விளையாட்டை வாங்கிய ஸ்டீம் தளம் நெட்டில் வைக்கும் அந்தப் பிரதி பேக்கப் ஆகாது. இங்கே கெட்டுப்போனது அங்கேயும் ஏறிக்கொள்ளும். புது லேப்டாப்பில் முதல்முறை திறக்கும்போது, கிளவுடில் இருப்பதா கணினியில் இருப்பதா என்று கேட்டால் தேதியைப் படித்துவிட்டு அமுக்கு.

முக்கியமான விஷயம் மோட்தான். சேவ் ஃபைலை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் பாதிப் பண்ணைதான் வரும். ஸ்டார்டியூ வேலி எக்ஸ்பாண்டட் என்ற பெரிய மோடைப் போட்டு ஆடிய பண்ணையை அது இல்லாமல் திறந்தால், அந்த மோட் கொடுத்த பொருட்கள் 'எர்ரர் ஐட்டம்' என்று நிற்கும். விளையாட்டின் 1.6 பதிப்பு வந்த பிறகு மோடைத் திரும்பப் போட்டால் பொருட்களும் திரும்பிவிடுகின்றன. ஆனால் மோட் சேர்த்த இடங்களையும் ஆட்களையும், விளையாட்டு நின்றுவிடாமல் இருக்க, ஸ்மாப்பி திறக்கும்போதே நீக்கிவிடும். அங்கே நீ வைத்த பெட்டியும் அதோடு போச்சு. அதனால் நான் அனுப்புவது ஜோடியாக: சேவ், அதே நாளின் மோட்ஸ் ஃபோல்டர். சேவ் ஃபைலை கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டேன். மோட்ஸ் பெரிது, நம் வீட்டு இன்டர்நெட்டில் ஏற்றினால் விடிந்துவிடும். பென் டிரைவில் கூரியரில் வருகிறது. அம்மா வர்க்கி டப்பாவும் சேர்த்திருக்கிறாள்.

அங்கே முதலில் விளையாட்டு, பிறகு ஸ்மாப்பி, பிறகு மோட்ஸ், கடைசியில் சேவ். திறந்ததும் ஸ்மாப்பியின் கறுப்புத் திரையில் சிவப்பு வரி வருகிறதா பார். பண்ணையைச் சுற்றி நட, பெட்டிகளைத் திற, ஆனால் தூங்காதே! தூங்காத வரைக்கும் எதுவும் எழுதப்படாது. ஏதாவது குறைந்தால் அப்படியே வெளியே வந்துவிடு, பழைய சேவ் பத்திரமாக இருக்கும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு படுக்கப் போ.

உன் பண்ணையில் தேயிலைச் செடி வரிசையாக வைத்திருப்பதைப் பார்த்தேன். கன்று வைத்து 20 நாளில் செடியாகிவிடுகிறது, பருவத்தின் கடைசி வாரம் மட்டும் பறித்தால் போதும்! இங்கே பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் சொன்னால் சண்டைக்கு வந்துவிடுவார். கன்று நட்டு முழுசாகப் பறிக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள், பச்சைத் தேயிலை விலை வேறு அவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. எனக்கு உன் எக்ஸ்பாண்டட் எல்லாம் வேண்டாம். மோடே இல்லாமல் ஒரு சின்னப் பண்ணை வைத்து பூண்டு போட்டிருக்கிறேன். உன் ஃபோல்டரைத் தொட்டுவிடுவேனோ என்று பயப்படாதே.

ஒன்றை மட்டும் உன்னைக் கேட்டுத்தான் செய்யவேண்டும். 2024 மார்ச்சில் 1.6 வருவதற்கு முந்தின பண்ணை ஒன்று இருக்கிறது, தம்பியோடு சேர்ந்து ஆடியது. புது பதிப்பில் திறந்து ஒருமுறை தூங்கிவிட்டால் பழைய பதிப்புக்குத் திருப்ப முடியாது. அப்போதைய மோட்களும் டவுன்லோட்ஸில் பழைய ஜிப்களாக இருக்கின்றன, இடத்தையும் அடைக்கின்றன. அதை அப்படியே வைக்கவா, இல்லை தம்பியைக் கேட்டுவிட்டுச் சொல்கிறாயா? பதில் வரும்வரை அந்த ஜிப்களைத் தொடமாட்டேன்.

அன்புடன்,
அப்பா