கருப்பு நிறம் மட்டும் கண்ணைக் காக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும் கடலூர் சில்வர் பீச்சிலும் புதுச்சேரி ஞாயிறு சந்தையிலும் கூலிங் கிளாஸ் வியாபாரம் சூடுபிடித்துவிடுகிறது. வாங்குவோரில் பலர் கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்து, எது அதிகக் கருப்போ அதுவே கண்ணுக்குப் பாதுகாப்பு என்று நம்பி எடுத்துச் செல்கிறார்கள். அந்த நம்பிக்கை தவறானது.

லென்ஸின் நிறம் குறைப்பது கண்ணைக் கூசச் செய்யும் வெளிச்சத்தை மட்டுமே. கண்புரைக்கும், கருவிழியின் மீது சதை படர்வதற்கும் காரணங்களுள் ஒன்றான புற ஊதாக் கதிர் நம் பார்வைக்குத் தெரியாதது. அதைத் தடுப்பது லென்ஸ் செய்யப்பட்ட பொருளோ, அதில் சேர்க்கப்பட்ட நிறமற்ற தடுப்போதான். பாலிகார்பனேட் லென்ஸ் நிறமே இல்லாவிட்டாலும் அக்கதிரை ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும். தடுப்பில்லாத கருப்புக் கண்ணாடியை அணிந்தாலோ, இருட்டுக்கு ஏற்பக் கண்ணின் பாப்பா விரிந்துகொள்கிறது; வெயிலில் இயல்பாகக் கண்ணைச் சுருக்கிக்கொள்ளும் காப்பும் போய்விடுகிறது.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கண்ணாடிக் கடையில், உள்ளங்கை அளவுள்ள சோதனைக் கருவியில் இரண்டு கண்ணாடிகளை வைத்துக் காட்டச் சொன்னேன். நடைபாதையில் வாங்கிய கரிய கண்ணாடி கதிரை உள்ளே விட்டது. பார்வைக்குச் சாதாரணமாக இருந்த வெள்ளை லென்ஸ் தடுத்து நிறுத்தியது. 400 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் லென்ஸுக்குத்தான் 'யு.வி. 400' என்று பெயர். நீரின் பளபளப்பைக் குறைக்கும் போலரைஸ்டு தன்மை வேறு, இது வேறு.

நம் கடலோர மக்களுக்கு இது இன்னும் முக்கியம். காய்ந்த மணல் சுமார் 15 சதவீதமும், கடல் நுரை சுமார் 25 சதவீதமும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புவதால், படகில் நிற்பவருக்குத் தலையில் கட்டிய துண்டு மட்டும் போதாது. குழந்தைகளின் கண் லென்ஸ் பெரியவர்களுடையதைவிடத் தெளிவாக இருப்பதால் அக்கதிர் அதிக ஆழம் செல்லும். திருவிழாக் கடையில் வாங்கும் விளையாட்டுக் கண்ணாடியை வெயிலில் அவர்களுக்கு மாட்டிவிட வேண்டாம்.

'யு.வி. 400' என்ற ஸ்டிக்கரை எவரும் ஒட்டிவிடலாம் என்பதால், வாங்கும்முன் கருவியில் வைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மீனவர் குடியிருப்புகளில் நடக்கும் கண் பரிசோதனை முகாம்களுக்கு அக்கருவி ஒன்றையும் கொண்டுவந்து, மக்கள் அணிந்திருக்கும் கண்ணாடிகளையும் சோதித்துச் சொல்ல மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
தேவனாம்பட்டினம், கடலூர்.