திறப்பு யாரிடம்?

ஹரோ, லண்டன்
ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்

அன்பின் மச்சான்,

உன் குரல்பதிவு இரண்டையும் கேட்டேன். முதலாவது ஏழு நிமிடம், மற்றது பதினொன்று. நடுவில் சேவல் கூவுகிறது, யாரோ படலையைத் திறக்கிறார்கள், நீ "பொறு, வாறன்" என்று எழும்பிப் போக ஒரு நிமிடம் ஆளே இல்லை. அந்த ஆளில்லாத நிமிடத்தை மட்டும் இரண்டு மூன்று தரம் போட்டுக் கேட்டேன். பதிலையும் குரலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் இது காசு விஷயம், எழுத்தில் இருப்பது நல்லது. வேண்டுமென்றால் உங்கள் நிர்வாகக் கூட்டத்திலும் வாசித்துக் காட்டு. முழங்கால் பந்தியை மட்டும் விட்டுவிடு.

முழங்கால் அப்படியேதான். மருத்துவர் நட என்கிறார், முழங்கால் இரு என்கிறது. மனுசி சுகம். பேரன் கரப்பந்து பழகப் போகிறான். வெள்ளிக்கிழமைகளில் நான்தான் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், மண்டபத்தின் குளிர்ந்த வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு வருகிறேன். உனக்கு எழுத வேண்டியதில் பாதி அந்த வாங்கில் யோசித்தது.

சரி, மேல்மாடிக்கு வருவோம். சனசமூக நிலையத்துக்கு மேல்மாடி கட்ட 45 இலட்சம் வேண்டும், இங்குள்ள ஊர்ச்சங்கம் தருமா, அதில் பெடியளுக்குக் கணினி வகுப்பு வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். சங்கம் தரும், மச்சான். ஒரு கோடைகால ஒன்றுகூடல், ஒரு இராப்போசனம், இரண்டு கிழமை தொலைபேசி அடிப்பு, அவ்வளவுதான். தரக் கூடாது என்று கூட்டத்தில் சொல்லப்போவது நான்தான். கோபிக்காமல் முழுவதையும் வாசி.

போன ஆவணியில் வந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. வந்து இரண்டாம் நாள் பின்னேரம் தனியாக நிலையத்துக்கு நடந்து போனேன். கீழ்மாடி நாங்கள் கட்டிக் கொடுத்தது. வாசலில் கறுப்புக் கல், பொன்னெழுத்து, பதினொரு பெயர். ஆறாவது என் பெயர். கதவில் ஆமைப்பூட்டு. திறப்பு செயலாளரிடம், செயலாளர் கொழும்பில். என் பெயருக்கு நேர் கீழே, படியில், மூன்று பெடியள் தொலைபேசி வெளிச்சத்தில் ஒரு கடந்தகால வினாத்தாளை வைத்துக் கணக்குச் செய்துகொண்டிருந்தார்கள். "உள்ளுக்குப் போய் இருக்கலாமே" என்று கேட்டேன். "பூட்டு, ஐயா" என்றான் ஒருவன். கொடுத்த காசு முழுவதும் அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருந்தது. நான் கல்லில் என் பெயரை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் அதை வாசித்திருக்கவும் மாட்டார்கள் என்பது பேந்துதான் விளங்கியது.

நாங்கள் படித்த காலத்து வாசிகசாலையை நினைத்துப் பார். ஓட்டுக் கூரை, மழைக்கு ஒழுகும், நீள மேசை ஒன்று, கால் ஆடும் வாங்கு இரண்டு. ஆனால் விடிய ஆறரைக்குத் திறந்திருக்கும். ஈழநாடும் வீரகேசரியும் கம்பியில் தொங்கும். ஒரு தாளை நான்கு பேர் பிரித்து வாசிப்போம், விளையாட்டுப் பக்கம் உனக்கு. அது திறந்திருந்ததற்கு ஒரே காரணம் திறப்பை வைத்திருந்து தினமும் கதவு திறந்த 'திறப்பு அண்ணை'. அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. சந்தாக் காசிலிருந்து மாதம் ஏதோ கொஞ்சம் கொடுத்தார்கள், குறைந்தால் பிடியரிசி சேர்த்தார்கள். அம்மா உலைக்கு அரிசி போடும்போது ஒரு பிடியைத் தனிச் சுண்டில் போடுவா, ஞாபகம் இருக்கிறதா? அதை எடுக்க வரும் முறை உனக்கும் எனக்கும் வந்தபோது வழியிலேயே பச்சை அரிசி தின்றுவிட்டோம். அதையும் கூட்டத்தில் வாசிக்காதே.

யாழ்ப்பாணப் பொது நூலகமும் அப்படித்தான் தொடங்கியது. 1933இல் க. மு. செல்லப்பா தன் வீட்டில் வைத்துப் புத்தகம் இரவல் கொடுத்தார். அடுத்த வருடம் ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 புத்தகங்கள். நாங்கள் படம் பிடித்து அனுப்புகிற அந்த வெள்ளைக் கட்டடம் திறந்தது 1959இல். வாடகை அறைக்கும் சொந்தக் கட்டடத்துக்கும் இடையில் கால் நூற்றாண்டு ஓடியிருக்கிறது, அத்தனை வருடமும் சனம் வாசித்துக்கொண்டுதான் இருந்தது. எங்கள் ஊரில் கட்டடம் முதலில் வந்துவிட்டது. அதற்குக் காரணம் நாங்கள், வெளிநாட்டுக்காரர். எங்களுக்குப் படம் வேண்டும். கட்டடத்தைப் படம் எடுக்கலாம், ஒருவர் தினமும் ஆறரைக்குக் கதவு திறப்பதை எப்படி எடுப்பது?

இங்கே சின்னச் சங்கங்களுக்குக் காசு எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டாய். இந்த நாட்டிலும் எல்லாம் வடிவாக நடக்கிறது என்று நினைக்காதே. ஆனால் சின்னக் காசைச் சின்னக் கூட்டங்களுக்குக் கொடுக்கிற பழக்கம் நன்றாக ஊறிப்போயிருக்கிறது. பெரியது தேசிய லொத்தர். 1994 நவம்பரில் தொடங்கியது. டிக்கெட் விற்கிற காசில் ஒரு பங்கு பொதுக்காரியங்களுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். அதில் 'அவார்ட்ஸ் ஃபோர் ஓல்' என்று ஒரு பகுதி இருக்கிறது. இங்கிலாந்தில் 300 பவுணிலிருந்து 20,000 பவுண் வரை தருவார்கள், முன்பு உச்சம் 10,000. பதிவு செய்த தர்ம ஸ்தாபனமாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சங்க விதிகளை எழுதிய ஒரு யாப்பு, சங்கத்தின் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, நிர்வாகத்தில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேராவது இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

அந்தக் கடைசி நிபந்தனையில்தான் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி விழுந்து எழும்பியது. தலைவர் பொருளாளரின் மச்சான். செயலாளர் தலைவரின் மருமகள். உறுப்பினர் இருவர் கணவன் மனைவி. நான் யாருக்கும் உறவில்லை என்று பெருமையாகச் சொல்ல, பொருளாளரின் தாயார் தொலைபேசியில் வந்து என் பெரியம்மாவின் கலியாணத்திலிருந்து தொடங்கி உறவு நிறுவிவிட்டா! எங்கள் ஊரிலிருந்து வந்தவர்களுக்குள் உறவில்லாத இரண்டு பேரைத் தேடுவது கஷ்டம், மச்சான். கடைசியில் மட்டக்களப்பு ஆசிரியை ஒருவரைக் கேட்டுச் சேர்த்தோம். கணக்குப் புத்தகத்தை முதன்முதலாக ஒழுங்காக எழுதியது அவதான். சட்டத்துக்காக அழைத்தவர் சங்கத்தையே நிமிர்த்திவிட்டார். உன் நிர்வாகத்திலும் இதைச் செய். காசெடுக்க இரண்டு கையெழுத்து, அந்த இருவரும் ஒரே வீட்டுச் சோறு தின்னாதவர்கள்.

விண்ணப்பம் எழுதியதும் ஒரு கதை. முதலில் வேறொரு அறக்கட்டளைக்குப் போட்டோம். நான்தான் எழுதினேன். "சமூக மேம்பாடு", "பண்பாட்டுப் பேணல்", "அடுத்த தலைமுறை" என்று மூன்று பக்கம். இரண்டு வரியில் மறுத்து அனுப்பினார்கள். லொத்தருக்குப் போடும்போது மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். மண்டப வாடகை எத்தனை சனிக்கிழமைக்கு, எத்தனை பிள்ளைகள், யார் கதவு திறப்பது, நோன்பு மாதத்தில் பக்கத்து மண்டபக்காரருக்கு இடம் விடுவது எப்படி என்று எழுதினார்கள். பிள்ளைகளிடம் கேட்டீர்களா, அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதும் விண்ணப்பத்தில் முக்கியம். நான் எழுதியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டேன். மூன்று மாதத்துக்கு மேல் காத்திருந்தோம், கிடைத்தது. மனுசி மட்டும் இன்றைக்கும் சொல்லுவா: "அது சூதாட்டக் காசு, கடையில் டிக்கெட் வாங்குகிற ஏழைச் சனத்தின் காசு." அதற்கு என்னிடம் பதில் இல்லை. இங்கே சில தேவாலயங்களும் அந்தக் காசைத் தொடமாட்டோம் என்று நிற்கின்றன.

எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று. ஜாக் பெட்சி என்று ஒரு மனிதர், கிழக்கு லண்டன்காரர், 2024இல் காலமானார். 1999இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை லண்டனிலும் எசெக்ஸிலும் இளம்பிள்ளைகளுக்கான கழகங்களுக்கும் பள்ளிகளுக்கும் உதவுகிறது. முறையைப் பார். கழகத்துப் பிள்ளைகளே தங்களுக்குள் ஒருவரைத் தெரிவு செய்வார்கள். அந்தப் பிள்ளைக்குப் பதக்கமும் சான்றிதழும். கூடவே சில நூறு பவுண் வரும், அது கழகத்துக்கு. ஆனால் எதற்குச் செலவழிப்பது என்று சொல்வது அந்தப் பிள்ளை. பேரனின் கழகத்தில் போன முறை ஒரு பிள்ளை தெரிவானாள். புதிய வலை வாங்குவாள் என்று பயிற்சியாளர் நினைத்திருந்தார். அவள் பெண்பிள்ளைகள் உடை மாற்றும் அறைக்குத் திரையும் கண்ணாடியும் கேட்டாள். இத்தனை வருடம் அந்த அறைக்குத் திரை இல்லை என்பது பெரியவர்கள் ஒருவருக்கும் தெரியாது.

டெஸ்கோ கடைகளில் சாமான் வாங்கினால் ஒரு நீல வில்லை தருவார்கள். வாசலில் மூன்று பெட்டி, மூன்று உள்ளூர்த் திட்டங்கள், விரும்பியதில் போடலாம். முதலில் பிளாஸ்டிக் பைக்கு அறவிட்ட ஐந்து பென்ஸ் காசில் தொடங்கியது. பேரன் வில்லையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பலகையையும் வாசித்து முடிக்கும்வரை நான் ஐஸ்கிரீமைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அவ்வளவுதான் அதைப் பற்றி.

குறையும் சொல்ல வேண்டும். இங்கே சின்னக் காசு கொடுப்பவர்களில் கனபேருக்குப் 'புதிது' என்ற நோய். ஐந்து வருடமாக நன்றாக நடக்கிற வகுப்பைத் தொடர்ந்து நடத்தக் காசு கேட்டால் முகம் சுளிப்பார்கள். எங்கள் தமிழ் வகுப்புக்கு நாங்களே மூன்று தரம் பெயர் மாற்றியிருக்கிறோம், ஒருமுறை அதில் 'நாடகம்' என்ற சொல்லையும் செருகினோம். நாடகம் நடக்கவில்லை. இரண்டாயிரம் பவுணுக்கு இருபது பக்கம் எழுதி, பின் இன்னொரு இருபது பக்கம் அறிக்கை எழுதி, எழுதியவர்களே களைத்து விலகிப்போன சங்கங்களும் எனக்குத் தெரியும். உன் பக்கத்துக் கதையும் அதன் உறவுதானே. தேர்தல் வந்தால் பந்து வரும், கதிரை வரும், ஒலிபெருக்கி வரும். கரண்ட் பில் கட்ட ஒருவரும் வரமாட்டார்.

ஆகையால் நான் யோசித்திருப்பது இதுதான். 2009இல் அமெரிக்காவின் பொஸ்டனில் பத்துப் பேர் சேர்ந்து, மாதம் ஆளுக்கு நூறு டொலர் போட்டு, அந்த ஆயிரத்தையும் ஒரு நல்ல யோசனைக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். ஓசம் ஃபவுண்டேஷன் என்று பெயர், இன்று பல நாடுகளில் அப்படிக் குழுக்கள் இருக்கின்றன. கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. இது சீட்டுத்தானே, மச்சான்! கழிவும் இல்லை, தாய்ச்சீட்டுக்காரனும் இல்லை, எடுத்தவன் திருப்பிக் கட்டவும் வேண்டாம். அதுதான் வித்தியாசம். எங்கள் வகுப்பில் படித்தவர்கள் இங்கேயும் கனடாவிலும் இருப்பவர்களில் பத்துப் பேர், ஆளுக்கு மாதம் 15 பவுண். ஒரு பவுண் இப்போது 400 ரூபாய்க்குப் பக்கம் என்றால் ஏறக்குறைய 60,000. அதில் முதலாவது செலவு கதவு திறப்பவருக்கு. காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் நான்கு. உன் பக்கத்து வீட்டுப் பிள்ளை வளாகப் படிப்பு முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறாள் என்றாயே, அவள் சம்மதிப்பாளா என்று கேள். பிறகு கரண்ட், மூன்று பேப்பர், தண்ணீர். மிஞ்சுவதில் ஒரு இருபதாயிரத்தை எதற்குச் செலவழிப்பது என்று படியில் இருந்த அந்த மூன்று பேரையும் அவர்கள் கூட்டாளிகளையும் முடிவு செய்ய விடு. நீயும் நானும் வாய் திறக்கக் கூடாது. பந்து வாங்கினாலும் சரி, பழைய வினாத்தாள் பிரதி எடுத்தாலும் சரி. ஒருமுறை பிழையாகச் செலவழித்தாலும் சரி.

அறிக்கை வேண்டாம். மாதக் கடைசியில் கொப்பித் தாள் ஒன்றில் வரவு செலவு எழுதி, பற்றுச்சீட்டுகளைப் பக்கத்தில் வைத்து, ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டால் போதும். ரிப்பன் வெட்டு, கல்வெட்டு, மாலை ஒன்றும் கிடையாது. பிரதேச சபைப் பதிவு காலாவதியாகவில்லை என்பதை மட்டும் பார்த்துக்கொள். பொதுக்கூட்டம் வைத்துப் பெடியளிலும் பெட்டையளிலும் இருவரை நிர்வாகத்தில் சேர். இளைஞர் பிரதிநிதி என்று ஒரு கதிரையில் இருத்தி, தேநீர் பரிமாற விடுவதற்கு அல்ல.

இதுவரை ஆறு பேர் சரி என்றிருக்கிறார்கள். இரண்டு பேர் மாட்டோம் என்றார்கள். அதில் ஒருவன் யாரென்று உனக்கே தெரியும், எட்டாம் வகுப்பில் உன் மிதிவண்டிக் காற்றைத் திறந்துவிட்டவன். "பெயர் போடாவிட்டால் எப்படிடா பிள்ளைகளுக்குக் காட்டுவது" என்று கேட்டான். கேள்வி நியாயம்தான். அவன் பிள்ளைகள் ஊருக்கு வந்ததே இல்லை, கல்லில் ஒரு பெயராவது இருந்தால் ஒருநாள் வந்து பார்ப்பார்கள் என்ற ஆசை. அவனைத் திட்ட முடியவில்லை. நீ ஒருமுறை கதைத்துப் பார், உன்னிடம் அவனுக்கு மரியாதை உண்டு, மிதிவண்டிக் கடனும் உண்டு.

மேல்மாடி வேண்டாம் என்று முழுதாகச் சொல்லவில்லை. கீழ்மாடி இரண்டு வருடம் தொடர்ந்து திறந்திருந்து, இடம் போதாமல் பிள்ளைகள் மறுபடி படியில் வந்து இருக்கும் நிலை வந்தால், நானே வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். முழங்காலோடு.

அடுத்த குரல்பதிவை நிலையத்துப் படியில் இருந்து அனுப்பு. செயலாளர் கொழும்பிலிருந்து வந்துவிட்டாரா, திறப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, அதற்கு இன்னொரு பிரதி வெட்ட எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரித்துச் சொல். அந்தக் காசை இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பச்சையரிசிக் கூட்டாளி