எப்படித் தோற்பார்?

மன்னார்குடி
ஆடி 20

மாப்ளே,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி. நீ வாங்கிக் கொடுத்த தைலம் தீர்ந்துவிட்டது, அடுத்த தடவை வரும்போது அதே கடையில் வாங்கி வரச் சொன்னார். நீ தை மாதம் எழுதிய கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டிக்கொள். போன் பண்ணியிருக்கலாம், நாலு முறை உன் நம்பரை எடுத்தும் பார்த்தேன். இது வாயால் சொல்ல வருகிற விஷயமாக இல்லை.

பாமணியாற்றில் தண்ணீர் ஓடுகிறது. பதினெட்டாம் பெருக்குக்குப் படித்துறையில் நல்ல கூட்டம். நம்ம குட்டை இந்த வயதிலும் பாலத்துச் சுவரிலிருந்து குதித்தான். அவன் பெண்டாட்டி கரையில் நின்று கத்தியது தெருமுனை வரை கேட்டது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கொண்டுவந்து கற்றுக்கொடுத்துவிட்டுப் போன ஆட்டம், அதான் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம், சனிக்கிழமைதோறும் மொட்டை மாடியில் நடக்கிறது. இப்போது அது வாராவாரம் தொடர்கிற ஒரே பெரிய கதை, கேம்பைன், ஆகிவிட்டது. ஐந்து பேர்: என் சின்னவள், தையல்கடைக்காரர் மகன், பக்கத்து வீட்டு பேங்க் தம்பதி, அப்புறம் ஒல்லி. கதை சொல்வதும் எதிராளிகளுக்காக உருட்டுவதும் நான். இந்த முறை மந்திரம் வேண்டாம், கம்பும் கையும் மட்டும் வைத்துச் சண்டை போடுகிற கதை வேண்டும் என்று சின்னவள் கேட்டாள். ஊர் நம்ம ஊர்தான். ஒன்றை மட்டும் மாற்றினேன். அந்த உலகத்தில் எந்த ஆற்று ஷட்டரை எப்போது திறப்பது என்று தீர்மானிப்பவர், சண்டையில் ஜெயித்து அந்த ஆற்றின் இடத்தைப் பிடித்தவர். முறைப்பாசனம் மொத்தமும் சண்டைக்காரர்கள் கையில்.

ஏழு படி வைத்தேன். கன்னி வாய்க்கால், வாய்க்கால், மடை, மதகு, தலைப்பு, ஆறு, அணை. கீழ்ப்படிகளில் எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம். தலைப்பில் மூன்றே பேர். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறதே, அதுபோலக் கோரையாற்றுக்கு ஒருவர், பாமணியாற்றுக்கு ஒருவர், வெண்ணாற்றுக்கு ஒருவர். உச்சியில் கல்லணையில் ஒரே ஆள். தண்ணீர் கீழே வருகிற வழியில் சண்டைக்காரர் மேலே ஏற வேண்டும், கடைமடையிலிருந்து தலைமடைக்கு.

படி என்பது எங்கிருந்து வந்தது என்று ஒரு மாதம் தேடித் தேடிப் படித்தேன். நமக்கு அந்தப் பழக்கமே இல்லையே. நம்ம சிலம்பு வாத்தியாரிடம் என்ன படி இருந்தது? கம்பைச் சுமந்து வருகிற பையன், எதிரே நின்று அடி வாங்குகிற பையன், வாத்தியார். அவ்வளவுதான். கறுப்பு பெல்ட், அதற்கு மேல் டான் என்று எண்ணுகிற தரப்படி எல்லாம் ஜப்பான் சரக்கு. அதில் ஒரு அழகு பார். டான் முதலில் சண்டைக்காரர்களுக்கு உரியதாகவே இல்லை. 17ஆம் நூற்றாண்டில் 'கோ' என்ற பலகை ஆட்டத்தில் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்க ஹொனின்போ டோசாகு வகுத்த முறை அது. 1882இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோ அதை எடுத்துக்கொண்டு, அடுத்த வருடமே தன் மாணவர் இருவருக்கு முதல் டான் கொடுத்தார். கராத்தேக்கு ஃபுனகோஷி கொண்டுபோனது 1924இல். பலகையில் பிறந்து பாய்க்குப் போன படி, என் மொட்டை மாடியில் திரும்பப் பலகைக்கு வந்திருக்கிறது. இதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆனால் என்னை ஆட்டிவைத்தது வேறொன்று. இதே வகை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1978 கையேட்டில் வெறுங்கையால் சண்டை போடும் துறவிக்கு ஒரு விதி உண்டு. மேல்படிகளில் ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். வடகாற்றின் தலைவர் என்றால் உலகத்திலேயே ஒருவர். எவ்வளவு அனுபவப் புள்ளி சேர்த்தாலும், அந்த இடத்தில் இருப்பவரை ஆயுதமில்லாமல் நேருக்கு நேர் நின்று ஜெயித்தால்தான் ஏறலாம். 17ஆம் படியில் மலர்களின் பெருந்தலைவர். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. மேலே ஏற வேண்டுமென்றால் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷனை எழுப்ப வேண்டும். அப்படியானால் அந்த மனுஷன் யார் என்று நான் எழுதித்தான் ஆக வேண்டும். "படி 5, பலம் 16, வேகம் 14" என்று எழுதிவிட்டுப் போனால் சண்டைக்கு வருகிறவனுக்கு வெறும் கணக்குதான் மிஞ்சும்.

கணக்கையும் விடவில்லை. நீ சொல்லிக்கொடுத்தபடி ஆளுக்கு ஒரு இருபது முகப் பகடை உருட்டிப் படியைக் கூட்டினால், ஐந்து படி கீழே இருப்பவனும் நூற்றுக்கு 26 தடவை ஜெயித்துவிடுகிறான். வாய்க்கால் பையன் கல்லணைக்காரரை நாலு சண்டைக்கு ஒன்று அடிப்பான் என்றால் படி எதற்கு? மூன்று ஆறுமுகப் பகடைக்கு மாற்றினேன். இப்போது நூற்றுக்குப் பத்துகூட இல்லை. ஒரே படி வித்தியாசம் என்றால் மட்டும் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். பக்கத்துப் படியில் இருப்பவர்களுக்குள் அப்படித்தானே இருக்கும். உன் பகடை பத்திரமாக இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே.

அப்புறம் மேல்படி ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள். அதில் நாலு கேள்விக்குப் பதில். இந்த இடத்தை யாரிடமிருந்து பிடித்தார்? பிழைப்புக்கு என்ன செய்கிறார்? முதல் அசைவு என்ன? எப்படித் தோற்பார்?

கடைசிக் கேள்வியை எழுதும்போதுதான் ஆள் உயிரோடு எழுந்து வருகிறார், மாப்ளே. வெண்ணாற்றுக்காரரைச் சொல்கிறேன் கேள். நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். பிடி போட்டால் விடுபட முடியாது. ஆனால் சம்பா அறுப்பு சமயம், தையிலும் மாசியிலும், நாள் முழுக்க 40 கிலோ மூட்டைகளைச் சுமந்த உடம்போடு வருவார். அந்த இரண்டு மாதமும் அவருக்கு எல்லா உருட்டிலும் இரண்டு குறைவு. இது ஊருக்கே தெரியும். அப்போது போய்ச் சவால் விடுகிறவனை யாரும் மதிக்க மாட்டார்கள். தையல்கடைக்காரர் மகன் ஒரு மாசி மாதம் அவர் வீட்டு வாசல்வரை போய், அவர் திண்ணையில் முதுகுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். உருட்டவே இல்லை. அன்று மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கோரையாற்றுக்காரி கோரை அறுக்கிறவள். குனிந்தே நிற்பாள், கணுக்காலைத்தான் தேடுவாள். நிமிர்ந்து சண்டை போட வைத்தால் தோற்பாள்.

பாமணியாற்றுக்கு யாரை வைத்திருப்பேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

பேர் மாற்றித்தான் எழுதினேன். ஆனால் இடது சுண்டுவிரல் வளைந்திருந்தது. சலாம் வரிசைக்கு முன்னால் வெற்றிலையைத் துப்பிவிட்டு ஈரத்துண்டால் வாயைத் துடைத்தார். முதல் அசைவு: அசைய மாட்டார், கம்பு முனையை மணலில் ஊன்றியபடி நிற்பார். எழுதி முடித்துப் படித்தபோது தொண்டை அடைத்தது. நாலாவது கேள்விக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

சின்னவளின் ஆள் முத்துப்பேட்டை வலைக்காரி. கடைசிக் கடைமடை. ஐந்து மாத ஆட்டத்தில் கன்னி வாய்க்காலிலிருந்து மதகுவரை ஏறிவிட்டாள். அவளுக்குப் படி ஒரு பொருட்டே இல்லை. ஷட்டர் வேண்டும், அவ்வளவுதான். அவள் ஊர் நடவு காய்கிறது, தலைப்பைப் பிடித்தால் தண்ணீர் விடலாம். போன மாதம் கடைசிச் சனிக்கிழமை பாமணியாற்று வாத்தியாருக்குச் சவால் விட்டாள்.

நம்ம முறைதான். கம்பு முனையில் காவி, மூன்று தொடுகையில் இரண்டு. முதல் தொடுகை அவருக்கு, இரண்டாவது அவளுக்கு. நான் சொல்லச் சொல்ல ஒல்லி எழுந்தே நின்றுவிட்டான். புறநானூற்றில் சாத்தந்தையார், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி மல்லனோடு பொருத வேகத்தைச் சொல்கிற இடம் ஞாபகமிருக்கிறதா? ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பிரசவம், மழை வேறு, பொழுதும் சாய்கிறது. அந்த நேரத்தில் கட்டில் பின்னுகிறவன் கையிலிருக்கும் ஊசி எப்படி ஓடும்? அதைத்தான் அவள் கம்புக்குச் சொன்னேன். மூன்றாவது தொடுகைக்கு அவள் உருட்டினாள். பதினாலு. படி நாலு, மொத்தம் பதினெட்டு. நான் அட்டை மறைப்புக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டில் உருட்டினேன்.

ஒன்று, இரண்டு, நாலு.

"பதினாறு, கூட அஞ்சு, இருபத்தொண்ணு" என்றேன். குரல் நடுங்கவில்லை. அவர் கம்பு அவள் தோளைத் தொட்டது என்று சொல்லி முடித்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். சின்னவள் தண்ணீர்ச் செம்பை எடுக்க என் பக்கம் வந்தாள், எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். எல்லாரும் போனபிறகு பாயைச் சுருட்டும்போது கேட்டாள். "அப்பா, தட்டுல ஏழுதானே இருந்துச்சு?"

ஆமாம் என்றேன்.

"அப்ப எங்க ஊருக்குத் தண்ணி வந்திருக்கணும்." அவ்வளவுதான் சொன்னாள். பாயைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மாப்ளே, பகடையில் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை நான், சின்ன வயதில் தாயம் ஆடியபோதுகூட. என் மகள் முறையாக ஜெயித்ததை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். ஜப்பானிய சுமோ மல்யுத்தத்தில் உச்சப் படியான யோகோசுனா ஆனவரைப் படி இறக்க முடியாது, ஆட்டம் தளர்ந்தால் அவராகவே விலகிக்கொள்ள வேண்டும். அதைப் படித்திருந்தேன். அதுபோல வாத்தியாரை விலக வைத்து, "நீயே வச்சுக்கம்மா" என்று சொல்ல வைத்துவிடலாமா என்று அவளிடம் கேட்டேன். "அவரா குடுத்தா அது எப்படிப்பா என் படியாகும்?" என்றாள். அவள் சொல்வது சரி. கையில் கம்பு இருக்கும்போது வாத்தியார் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்தவரும் இல்லை.

அதனால் வருகிற சனிக்கிழமை எல்லாரிடமும் தட்டில் விழுந்தது ஏழு என்று சொல்லப்போகிறேன். மூன்றாவது தொடுகையிலிருந்து திரும்ப ஆட்டம். உருட்டியது உருட்டியதுதான், அவர் தோற்றாக வேண்டும். ஆனால் அவர் எப்படித் தோற்பார் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நினைத்துப் பார்த்தால் அவர் நிற்கிறார், கம்பு மணலில் ஊன்றியிருக்கிறது, அதற்கு மேல் ஓடவில்லை.

உனக்குத் தெரியும். வாத்தியாரின் பதினாறாம் நாள் காரியத்தன்று, பந்திக்குப் பிறகு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தபோது நீ ஆரம்பித்தாய். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு திருவிழாவில், நான் ஊரில் இல்லாத வருடம், அவர் தோற்றதைப் பார்த்தேன் என்றாய். பனியனில் காவிப் பொட்டு இருந்தது என்றாய். நான் பாதியிலேயே எழுந்து போய்விட்டேன். அதற்கப்புறம் நீ அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அன்று உன்மேல் எனக்கு இருந்த கோபம் அநியாயமானது. அதைச் சொல்ல இத்தனை வருடம் ஆகியிருக்கக் கூடாது, மன்னித்துவிடு.

இப்போது மிச்சத்தைச் சொல். யார் தொட்டது, சின்னப் பையனா, அவர் வயது ஆளா? எந்தக் கால் முன்னால் இருந்தது? பொட்டு மார்பிலா, விலாவிலா? அவர் எதிர்பார்த்தாரா? முக்கியமாக, தொட்டபிறகு என்ன செய்தார்? சிரித்தாரா, கம்பைக் கீழே வைத்தாரா, அந்தப் பையனிடம் ஏதாவது சொன்னாரா? நீ சொல்கிறபடியே தாளில் எழுதுகிறேன், ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன்.

வெள்ளிக்கிழமைக்குள் எழுத முடியாவிட்டால் போன் பண்ணு, இந்த முறை எடுத்துப் பேசுகிறேன். அதுவும் முடியாவிட்டால் ஆட்டத்தை இன்னொரு வாரம் தள்ளிவைக்கிறேன். வலைக்காரிக்கு அவசரமில்லை, காத்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். அவள் கம்பைத் தூக்கியபடி நிற்கிறாள், அவர் எதிரே நிற்கிறார்.

அம்மாவின் தைலத்தை மறந்துவிடாதே.

உன்
மாப்ளே